வைத்தியர் எழுதிய காரணம்

1

இன்று காலை என் மகள் கமலா மரவள்ளிக் கிழங்கைத் துருவிக் கரைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்ட ஒரு பாத்திரம் தேடினாள். வீட்டிலிருந்த வடிகட்டி துருப்பிடித்து உடைந்து மாதக்கணக்காகிறது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பினாங்கு முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, படிக்கட்டின் கீழே கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியை எடுத்து வந்தாள். அதன் அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு.

“இது போதும்லா அம்மா. துணி போட்டா நல்லா வடியும்” என்றாள்.

அது தாரைச் சட்டி. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஓட்டையில் திரி சொருகி, படுத்திருப்பவரின் நெற்றியில் எண்ணெயை நூலாக விழவைக்கும் சட்டி. போன வருடம் இதே மாதத்தில்தான் அதை என் புருஷனுக்காக இந்தக் கூடத்தில் கட்டினேன். அதில் இப்போது கிழங்கு மாவு வடிகிறது. அடுக்களையில் அது சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இதை எழுத உட்கார்ந்தேன்.

யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டால், நாகப்பட்டினத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டாரான உங்களுக்குத்தான். கப்பல் நின்று இது மூன்றாவது வருடம். தபால் கிடையாது. என் புருஷனுடைய பழைய துறைமுக ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி, அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். அரிசி இல்லாததால் பானையில் இடம் நிறைய இருக்கிறது. கமலாவைக் கேட்டால் இது 2604ஆம் வருடம் என்பாள். ஜப்பான் கணக்கு அப்படி. கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருக்கிறோம். சூரியன் மட்டும் பழைய நேரத்துக்கே வருகிறது.

2

முன்பெல்லாம் நான் எழுதிய கடிதங்களில் “இங்கு அனைவரும் நலம்” என்றுதான் இருக்கும். பினாங்கு என்றால் பொன் காய்க்கிறது என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். நானும் அதை மறுத்ததில்லை. இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை விமானங்கள் வந்த அன்று, ஊரே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. அது வரைக்கும் குண்டு என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? அவரும் கடற்கரைத் தெருவில் சக குமாஸ்தாக்களோடு நின்று விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் வீடு வந்தபோது சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். கையில் யாருடையதோ ஒரு குடை. “இது யார் குடை?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் கொடுத்ததா, கீழே கிடந்து எடுத்ததா என்பதும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை தொட்டுப் பார்ப்பார். அடையாளச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறதா என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருப்பார். தையல் இயந்திரம் ஓடினால்கூட முகம் வெளுத்துவிடும். இப்படிப்பட்டவர் தினமும் காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டுவிட்டு ஆபீஸ் போகவேண்டும். குனிவது சரியில்லை என்று ஒருமுறை கன்னத்தில் அறை வாங்கினார். அதற்குப் பிறகு காலையில் கண்ணாடி முன்னால் நின்று பழகுவார்.

“கமலா, இவ்வளவு குனிஞ்சா போதுமா பாரு.”

“இன்னும் கொஞ்சம்பா. முதுகு நேரா இருக்கணும். எங்க பள்ளியில அப்படித்தான்.”

கமலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜப்பான் மொழிப் பள்ளியில் வகுப்பிலேயே முதல். காலையில் கிழக்கே பார்த்து வணங்கிவிட்டு, அவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாருவாள். தமிழ் எழுதச் சொன்னால் ‘ழ’ எழுதக் கை தடுமாறும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும், குனிந்து நின்ற அப்பாவின் முதுகை அவள் தடவி நேராக்கியபோது எனக்கு வந்த அழுகைக்கு அளவில்லை.

ஆபீஸில் அவர் எழுதும் கணக்குகளில் பிழை வர ஆரம்பித்தது. வேலை போனால் அரிசிப் பங்கும் போய்விடும். அதைவிட, வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் ஆம்பளைகளைச் சயாம் பக்கம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. எப்படியாவது அவரைத் தேற்றி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

3

சூலியா தெருச் சந்து ஒன்றில் கந்தையா வைத்தியர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆயுர்வேதம் படித்தவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடி பார்த்ததும் மருந்து கொடுக்கமாட்டார். முதலில் ஒரு சீட்டை எடுத்து, நோயாளியின் பெயர், நாடி, நோய், அதற்கான காரணம் எல்லாவற்றையும் எழுதி, கீழே தன் முத்திரையைக் குத்திக் கையில் கொடுப்பார். அதை நோயாளியே சத்தமாக வாசிக்கவேண்டும். சரி என்று நோயாளி ஒப்புக்கொண்ட பிறகுதான் மருந்துப் பெட்டி திறக்கும்.

வைத்தியர் என் புருஷனின் கையைப் பிடித்து நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

“பாம்பு போல நெளிஞ்சு ஓடுது நாடி. வாயு மிஞ்சிப் போச்சுது, தங்கச்சி. வாயு நெஞ்சுக்க இருந்தால் படபடப்பு, தலைக்கு ஏறினால் நித்திரை இல்லை. பயமும் வாயுவும் ஒண்டுக்கொண்டு தீனி போடும்.”

“குணப்படுத்த முடியுமா வைத்தியரே?”

“ஏழு நாள் தலைக்குத் தாரை விடவேணும். பிறகு ஏழு நாள் வெளியில போகாமல் ஓய்வு. ரா வேளைக்குப் பாலில சாதிக்காய் இழைச்சுக் குடுங்கோ. சூடான சோறு, நெய். கிழங்கு தொடக்கூடாது, அது முழுக்க வாயு. காய்ஞ்சது, ஆறினது ஆகாது. உரத்த சத்தம் ஆகாது. கெட்ட செய்தி காதில விழக்கூடாது. இடையில மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. பாதியில நிப்பாட்டினால் வாயு ரெண்டு மடங்காய் ஏறும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“வைத்தியரே, நீங்க ஆகாதுன்னு சொன்னது மட்டும்தான் இப்ப ஊர்ல இருக்கு.”

“எனக்குத் தெரியும் தங்கச்சி. புத்தகத்தில உள்ளதைச் சொல்லுறன். முடிஞ்சதைச் செய்யுங்கோ” என்றார். இழுப்பறைகளின் அடியில் ஒட்டியிருந்த சடாமாஞ்சிலையும் அமுக்கராத் தூளையும் சுரண்டி ஒரு பொட்டலமாக மடித்தார். சரக்கு வந்த கடைசிக் கப்பலின் மிச்சம் அது.

சீட்டில் காரணம் என்ற இடத்தில் வைத்தியர் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். ‘குண்டு விழுந்தபோது அருகே நின்றமை. ஆயுதம் தாங்கிய காவலரை நாள்தோறும் கடந்து செல்ல நேர்தல். தன்னை எந்நேரமும் பிடித்துச் செல்வர் என்ற அச்சம்.’

என் புருஷன் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சரியென்று தலையாட்டினார்.

4

பதினான்கு நாள் விடுப்பு வேண்டும். ஆபீஸ் படிவம் ஜப்பான் மொழியில் இருந்தது. நோயின் பெயர், காரணம், எத்தனை நாள் என்று கட்டங்கள். கூடவே வைத்தியச் சீட்டும் அதன் மொழிபெயர்ப்பும் வைக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, எங்களைப் போன்றவர்களுக்கு எழுதிக் கொடுக்க டாக்டரும் இல்லை. முத்திரை இருந்தால் நாட்டு வைத்தியர் சீட்டும் செல்லும் என்று தலைமைக் குமாஸ்தா சொல்லியனுப்பினார்.

கமலா பள்ளிக்குப் போயிருந்த நேரம். என் புருஷன் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“மீனாட்சி, இந்தச் சீட்டைக் குடுக்க வேணாம். வைத்தியர்கிட்ட வேற ஒண்ணு கேளு. வயித்துவலின்னு எழுதச் சொல்லு.”

“உங்களுக்கு ஏது வயித்துவலி?”

“வயித்துவலிய யாரும் தப்பா எடுத்துக்க மாட்டான். இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க?”

“என்ன நினைப்பாங்க? பாவம் மனுஷன், நோயாளின்னு நினைப்பாங்க. எல்லாத்துக்கும் பயந்தா எப்படி?”

“வேணாம் மீனாட்சி. சொன்னாக் கேளு.” கை நடுங்கியது. நெஞ்சைத் தட்டி அடையாளச் சீட்டைத் தேடினார்.

நான் ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குப் புரியும். நீங்களும் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர்கள்தானே. பயந்த பிள்ளையை அந்தி நேரத்தில் மசூதி வாசலுக்குத் தூக்கிப் போவோம். தொழுகை முடிந்து வருபவர் ஓதி ஊதும் முன் “எங்கே பயந்தே?” என்று கேட்பார். எட்டு வயதில் நான் போகக்கூடாத இடத்துக்கு, கடற்கரைக்குப் போய், அங்கே மாடு துரத்தி, காய்ச்சலில் விழுந்தேன். அடிக்குப் பயந்து, கோயில் தேர் நிற்கும் தேர்முட்டியில் பயந்ததாகப் பொய் சொன்னேன். மூன்று நாள் ஊதியும் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா மிரட்டிக் கேட்டு, உண்மையைச் சொல்லி ஊதிய அன்றே இறங்கிற்று. காரணத்தை மறைத்தால் மருந்து பிடிக்காது என்பது அன்றிலிருந்து என் ரத்தத்தில் ஊறிவிட்டது. காரணத்தை ஒப்புக்கொண்ட பிறகுதானே வைத்தியரும் மருந்துப் பெட்டியைத் திறந்தார்?

அவர் பேசுவதை நோய் பேசுவதாக எடுத்துக்கொண்டேன். நோயாளி சொல்வதைக் கேட்டு யாராவது மருந்தை மாற்றுவார்களா என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சீட்டைக் கமலாவிடம் கொடுத்தேன்.

அவள் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். அச்சம் என்பதற்கு அகராதியில் நான்கு சொல் இருக்கிறதாம். எது பொருத்தம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்தாள். காவலர் என்ற இடத்தில் மரியாதைச் சொல் போட்டாள். கடைசியில் மை சிந்தாமல், கோடு வளையாமல், அச்சடித்த மாதிரி எழுதி முடித்தாள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் படிவத்தோடும் சீட்டோடும் அதை நானே ஆபீஸில் கொடுத்துவந்தேன்.

5

தாரைக்கு நல்லெண்ணெய் வேண்டும். யுத்தத்துக்கு முன் வாங்கி, தீபாவளிக்குக்கூடத் தொடாமல் ஒளித்து வைத்திருந்த இரண்டு போத்தல் என்னிடம் இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றவேண்டும் என்பது முறை. மாற்ற எங்கே போவது? வழிந்ததையே பிடித்து, வடித்து, சூடாக்கி மறுபடி ஊற்றிக்கொள்ள வைத்தியர் அனுமதித்தார். சேர்த்து வைத்த அரிசியைப் பதினான்கு பங்காகக் கட்டினேன். அது அவருக்கு மட்டும். எனக்கும் கமலாவுக்கும் கிழங்கு. ஜாதிக்காய் மட்டும் இந்தத் தீவில் தட்டுப்பாடில்லை. பாலிக் புலாவிலிருந்து வரும் மலாய்க்கார அக்கா ஒருத்தி ஒரு கைப்பிடி கொடுத்தாள். பால், ஆட்டுப்பால், நாளுக்கு அரை டம்ளர்.

முதல் நாள் வைத்தியரே வந்து ஊற்றிக் காட்டினார். என் புருஷன் பலகையில் விறைத்துக் கிடந்தார். கண்ணுக்கு மேல் துணியைக் கட்டியதும் “கதவு சாத்தியிருக்கா?” என்று கேட்டார். பத்துத் தடவை கேட்டிருப்பார். இரண்டாம் நாளிலிருந்து நான்தான். சட்டியை மெல்ல ஆட்டவேண்டும். எண்ணெய் நூல் நெற்றியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரவேண்டும், அறுந்துவிடக்கூடாது. இரண்டாம் நாள் ஐந்து தடவைதான் கதவைக் கேட்டார்.

மூன்றாம் நாள் தாரை விழும்போதே குறட்டை விட்டார். நான் கையை நிறுத்தாமல் அழுதேன். இரண்டு வருடத்தில் அவர் குறட்டையைக் கேட்டதே இல்லை. முன்பு அதற்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

நான்காம் நாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, “நீ ஏன் இளைச்சுப் போயிட்டே?” என்று கேட்டார். அதுவரை என்னை அவர் கவனித்ததாகவே தெரியாது. பிறகு மூலையில் இருந்த குடையைக் காட்டி, “அது யாருதுன்னு விசாரிச்சுக் குடுத்துடணும் மீனாட்சி. தேடிக்கிட்டு இருப்பாங்க” என்றார். என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று கமலாவிடம் சொல்லவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் காலை தோக்கியோ நேரம் பத்து மணிக்கு ராணுவப் போலீஸார் மூன்று பேர் படியேறி வந்தார்கள். கமலாவுக்கு அன்று பள்ளி இல்லை. அவர் பலகையில் கண் கட்டிப் படுத்திருந்தார், தாரை விழுந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவன் கையில் கமலா எழுதிய காகிதம். அவன் ஏதோ கேட்டான். அவள் குனிந்து வணங்கி, பதில் சொன்னாள். அவன் தலையை ஆட்டி இன்னும் ஏதோ சொன்னான்.

“என்னம்மா சொல்றான்?”

“யார் எழுதினதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். எழுத்து ரொம்ப நல்லா இருக்காம்.”

அவள் முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. அவன் மறுபடி பேசினான். இந்த முறை அவள் மொழிபெயர்க்க நேரமாயிற்று.

“அப்பா எதுக்குப் பயப்படுறார்னு கேக்கிறாங்க. தப்புப் பண்ணாதவங்க காவலைப் பார்த்து ஏன் பயப்படணும்? பிடிச்சுக்கிட்டுப் போவாங்கன்னு இவர் ஏன் எதிர்பார்க்கிறார்? ரேடியோ ஒளிச்சு வச்சிருக்காரா? யாரெல்லாம் வந்து பேசுறாங்க?”

அவர் எழுந்து உட்கார்ந்து கண்கட்டை அவிழ்த்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். எழுந்து நின்று, கண்ணாடி முன்னால் பழகிய அதே அளவுக்கு முதுகை நேராக வைத்துக் குனிந்தார். தலையிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டிற்று. தலையைத் துடைத்துக்கொள்ளவும் விடாமல் கூட்டிப்போனார்கள்.

நான் சட்டியை நிறுத்த மறந்துவிட்டேன். ஆளில்லாத பலகையில் எண்ணெய் விழுந்துகொண்டே இருந்தது. தீரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

கூட்டிப்போன பத்தொன்பதாம் நாள் அவரே நடந்து வந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டிலும் நகம் இல்லை. ரேடியோ இருந்தால்தானே கிடைக்கும்? ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆபீஸில் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். உடம்பின் நிலையைப் பார்த்துச் சயாம் பட்டியலில்கூட அவரைச் சேர்க்கவில்லை.

நான் காலில் விழுந்தேன். “நீங்க சொன்னதைக் கேட்காமப் போயிட்டேனே” என்று கதறினேன். அவர் என் தலையைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அப்படித்தான். கிழங்கை வைத்தால் கிழங்கு, வைக்காவிட்டால் இல்லை. தாழ்ப்பாளைத் தொடுவதில்லை. நெஞ்சைத் தட்டிச் சீட்டைத் தேடுவதில்லை. கை நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. குடையை எடுத்து அவர் மடியில் வைத்துப் பார்த்தேன். யார் குடை என்று அவர் கேட்கவில்லை.

வைத்தியரையும் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்ட கடையில் பாதிக் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தார். வைத்தியர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே என் புருஷனை அங்கே கூட்டிப்போனேன். மறுபடி முதலிலிருந்து தாரை விடலாமா என்று கேட்டேன். வழக்கம்போல் நாடி பிடித்தார்.

“அமைதியாய்க் கிடக்குது. எந்த ஓட்டமும் இல்லை” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழக்கதோஷத்தில் ஒரு சீட்டை எடுத்தார். பெயர் எழுதினார், நாடி எழுதினார், நோய் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து ஏதோ எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சந்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“காரணம் எழுதலையே வைத்தியரே?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்று சீட்டை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். மருந்துப் பெட்டி அன்று திறக்கவில்லை.

7

அடுக்களையில் மாவு வடிந்து முடிந்துவிட்டது. முதலில் கொஞ்சம் எண்ணெய் வாடை அடித்ததாம். மண்சட்டி குடித்த எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாது. போன வாரம் மறுபடி விமானங்கள் வந்தன, இந்தத் தடவை வெள்ளைக்காரனுடையவை என்கிறார்கள். நாங்கள் படிக்கட்டின் கீழே ஓடி ஒளிந்தோம். அவர் ஜன்னலருகே அப்படியே உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாளை இப்போது நான்தான் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு நாடி பார்க்கச் சொல்லி யாரிடமும் போகப்போவதில்லை.

கமலா பள்ளிக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. ஜப்பான் மொழி பேசுவதில்லை, தமிழும் அளந்துதான். சற்றுமுன் ஈரக்கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பதை இன்றும் கேட்டாள்.

“அம்மா, அந்தச் சீட்டுல நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?”

“இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் எழுதினே.”

“பின்ன ஏன்மா?”

“நம்ம நேரம்” என்றேன். எப்போதும் சொல்வது அதுதான். அவள் ஜன்னலருகே இருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாவைக் கிண்டப் போனாள். வயிற்றுவலி என்று எழுதச் சொல்லி அவர் என்னிடம் கெஞ்சியதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.